தொலைக்கணினியில் சுட்டிக்குறி ஒத்திசைவு

தொலைக்கணினியில் சுட்டிக்குறி ஒத்திசைவு என்பது, ஒரு கணினியை வலையமைப்பின் ஊடாக வேறோர் இடத்திலிருந்து இயக்கும்போது, பயனர் தன் திரையில் காட்டும் இடமும் தொலைவிலுள்ள கணினி ஏற்றுக்கொள்ளும் இடமும் ஒன்றாக அமையும் நிலையாகும். இந்நிலை குலையும்போது பயனர் ஒரு பொத்தானின் மீது சொடுக்க, தொலைக்கணினி வேறொரு பொத்தானின் மீது சொடுக்கியதாகக் கொள்ளும். சில வேளைகளில் திரையில் இரண்டு அம்புக்குறிகள் தோன்றி, ஒன்று மற்றொன்றைத் தொலைவில் பின்தொடர்வதைக் காணலாம்.

இது பார்வைக்குச் சிறு குறையாகத் தோன்றினும் விளைவுகள் சிறியன அல்ல. தொலைக்கட்டுப்பாடு பெரும்பாலும் நேரில் செல்ல இயலாத கணினிகளுக்கே பயன்படுகின்றது. இயங்குதளத்தை நிறுவும் வேளையில் எந்த வட்டுப் பிரிவை அழிப்பது என்று கேட்கும் திரையில் சுட்டிக்குறி இரண்டு வரி கீழே விழுந்தால், அழிக்கப்படுவது வேறொருவரின் கோப்புகளாக இருக்கக்கூடும். ஆகவே விலகல் தென்பட்டவுடன், குத்துமதிப்பாகத் தள்ளிச் சொடுக்கிச் சமாளிப்பதை விட்டு, அதன் காரணத்தை அறிந்து திருத்துவதே பாதுகாப்பானது.

பின்னணி

கணினிச் சுட்டி தான் இருக்கும் இடத்தை அறியாத கருவியாகும். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் 1964இல் மரச்சுட்டி உருவானது. இன்றைய ஒளியியல் சுட்டி கணினிக்குச் சொல்வதெல்லாம் "முன்பு இருந்த இடத்திலிருந்து இவ்வளவு வலப்புறம், இவ்வளவு மேலே நகர்ந்தேன்" என்பது மட்டுமே. இது சார்பு நகர்வு எனப்படும். 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய பிஎஸ்/2 வகைச் சுட்டி ஒவ்வொரு முறையும் 3 பைட்டுகள் அனுப்பும். அவற்றில் நகர்வு ஒவ்வோர் அச்சிலும் -256 முதல் +255 வரையான எண்ணாக அமையும். இந்த எண்களைக் கூட்டி, தேவையான முடுக்கத்தைச் சேர்த்து, அம்புக்குறியை எங்கே வரைவது என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் வேலை.

தொடுதிரையும் வரைபலகையும் இதற்கு மாறானவை. அவை "திரையின் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்" என்று இடத்தையே கூறும். இது அறுதி இடம் எனப்படும்.

தொலைக்கட்டுப்பாட்டு நெறிமுறைகளுள் பரவலாக அறியப்பட்ட விஎன்சி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அது பற்றிய ஆய்வுக்கட்டுரை 1998இல் வெளிவந்தது. இவ்வாய்வகம் 2002இல் மூடப்பட்டபின் அங்கு பணியாற்றியோர் ரியல்விஎன்சி நிறுவனத்தைத் தொடங்கினர். விஎன்சி பயன்படுத்தும் ஆர்எஃப்பி நெறிமுறை 2011இல் ஆர்எஃப்சி 6143 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. இந்நெறிமுறையில் சுட்டி பற்றிய செய்தி 6 பைட்டுகள் மட்டுமே கொண்டது: செய்தியின் வகைக்கு ஒன்று, அழுத்தப்பட்ட பொத்தான்களுக்கு ஒன்று, கிடை ஆள்கூறுக்கு இரண்டு, நிலை ஆள்கூறுக்கு இரண்டு. அதாவது விஎன்சி அறுதி இடத்தையே அனுப்புகின்றது.

சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. அனுப்பும் முனை இடத்தைச் சொல்கின்றது. பெறும் முனையோ பல வேளைகளில் நகர்வை மட்டுமே புரிந்துகொள்கின்றது. இடையில் யாரோ மொழிபெயர்க்க வேண்டியுள்ளது. அம்மொழிபெயர்ப்பில் நேரும் தவறே பெரும்பாலான விலகல்களுக்குக் காரணம்.

விலகலின் வடிவத்தை அறிதல்

திருத்த முற்படும் முன் விலகல் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். சுட்டிக்குறியைத் திரையின் மேல் இடது மூலை, நடுப்பகுதி, கீழ் வலது மூலை ஆகிய மூன்று இடங்களுக்கும் மெதுவாகக் கொண்டுசென்று, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தள்ளி விழுகின்றது என்று பார்க்கவும். பின்னர் அதே இடங்களுக்கு விரைவாக நகர்த்திப் பார்க்கவும்.

எல்லா இடங்களிலும் ஒரே அளவு விலகினால் அது மாறாத விலகல். மேல் இடது மூலையில் சரியாக இருந்து, வலப்புறமும் கீழும் செல்லச் செல்லக் கூடினால் அது விகித விலகல். ஒரே இடத்திற்குத் திரும்ப வந்தாலும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் விலகியிருந்தால் அது சேர்ந்து வளரும் விலகல். இம்மூன்றுக்கும் காரணங்கள் வேறு. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது. சுட்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துப் பயனின்றி நேரம் கழிவதற்கு இவ்வேறுபாட்டைக் கவனியாமையே பெரும்பாலும் காரணமாகும்.

மாறாத விலகல்

சுட்டிக்குறியின் படத்தில் எந்தப் புள்ளி உண்மையாகச் சொடுக்குகின்றது என்பது தனியே குறிக்கப்பட்டிருக்கும். அம்புக்குறிக்கு அது நுனி. கூட்டல் வடிவக் குறிக்கு நடுப்பகுதி. விஎன்சி வழங்கி, குறியின் படத்தையும் இப்புள்ளியையும் சேர்த்தே அனுப்ப, பார்வை மென்பொருள் அதனைத் தன் பக்கத்தில் வரைகின்றது. இப்புள்ளி தவறாகக் கொள்ளப்பட்டால் சில படப்புள்ளிகள் அளவிலான நிலையான விலகல் தோன்றும். குறியைத் தன் பக்கத்தில் வரைய வேண்டாம் எனப் பார்வை மென்பொருளின் அமைப்பில் தெரிவிப்பது இதற்குப் போதுமானது.

நூற்றுக்கணக்கான படப்புள்ளிகள் விலகினால் தொலைக்கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் முதன்மைத் திரையின் மேல் இடது மூலையே ஆள்கூறுகளின் தொடக்கப் புள்ளியாகும். அதன் இடப்புறம் 1280 படப்புள்ளி அகலமுள்ள வேறொரு திரை இருந்தால், அத்திரையின் கிடை ஆள்கூறுகள் -1280இலிருந்து -1 வரை எதிரெண்களாக அமையும். ஆர்எஃப்பி செய்தியிலோ எதிரெண்ணுக்கு இடமில்லை; அது பூச்சியத்திலிருந்தே எண்ணுகின்றது. வழங்கி மென்பொருள் 1280ஐக் கழிக்கத் தவறினால் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு திரை அகலம் வலப்புறம் தள்ளி விழும். இடப்பக்கக் கடைசித் திரையை முதன்மைத் திரையாக மாற்றுவதோ, வழங்கியின் அமைப்பில் ஒரு திரையை மட்டும் பகிர்வதோ இதனைத் தீர்க்கும். திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தால் இதே பிழை நிலை அச்சில் தோன்றும்.

பழைய கணினிகளின் விஜிஏ வெளியீட்டைப் படம் பிடித்து வலையமைப்பில் அனுப்பும் வன்பொருள் கருவிகளில் வேறொரு காரணமும் உண்டு. ஒப்புமைச் சைகையின் தொடக்கம் சரியாகப் பிடிபடாவிட்டால் முழுப் படமும் சற்று நகர்ந்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை தோன்றும். இங்கு பிழை சுட்டியில் இல்லை, படத்தில் உள்ளது. கருவியின் பட்டியில் உள்ள தானியங்கிப் படச் சீரமைப்பைச் செய்தால் சுட்டிக்குறியும் சரியாகிவிடும்.

விகித விலகல்

தொலைக்கணினியின் திரை 1920×1080 படப்புள்ளிகள் கொண்டு, பார்வைச் சாளரம் 1280×720 அளவுக்குச் சுருக்கப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஆள்கூறையும் 1.5ஆல் பெருக்கி அனுப்ப வேண்டும். பார்வை மென்பொருள்கள் இதனைப் பொதுவாகச் சரியாகவே செய்கின்றன. தவறு பெரும்பாலும் மறுமுனையில் நேர்கின்றது.

விண்டோஸ் விஸ்டா முதல், உயர் பிரிதிறன் கொண்ட திரைகளில் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி விரிவாக்கப்பட்டது. பெரிதாக்கத்தை அறியாத பழைய நிரல்களுக்கு இயங்குதளம் சிறிய திரையொன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளும். 150 விழுக்காடு பெரிதாக்கிய 1920×1080 திரையை அத்தகைய நிரல் 1280×720 திரையென்றே எண்ணும். வழங்கி மென்பொருளின் ஒரு பகுதி உண்மை அளவிலும் மற்றொரு பகுதி இப்பொய் அளவிலும் கணக்கிட்டால், (100, 50) என்னும் புள்ளிக்கு அனுப்பிய சொடுக்கு (150, 75)இல் விழும். (600, 300)க்கு அனுப்பியது (900, 450)இல் விழும். மூலையில் கவனிக்கத்தக்கதாக இல்லாத பிழை, திரையின் மறுமுனையில் முற்றிலும் தவறான சாளரத்தைத் தொடுகின்றது.

தொலைக்கணினியில் பெரிதாக்கத்தை 100 விழுக்காடாக மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து பார்த்தால் காரணம் இதுதானா என்பது உறுதியாகும். நிலையான தீர்வு, வழங்கி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. அல்லது அதன் நிரற்கோப்பின் பண்புகளில் ஒத்தியல்புப் பகுதிக்குச் சென்று, பெரிதாக்கத்தை நிரலே கையாளுமாறு குறிப்பது. 2012 முதல் ரெட்டினா திரையுடன் வந்த மேக் மடிக்கணினிகளிலும் இதே வகைக் குழப்பம் நேரக்கூடும். அங்கு சுட்டியின் இடம் கணக்கிடப்படும் அலகு ஒன்றுக்கு ஒவ்வோர் அச்சிலும் இரண்டு படப்புள்ளிகள் இருப்பதால், பிழை சரியாக இரு மடங்காகவோ பாதியாகவோ இருக்கும்.

சுருக்கிய சாளரத்தில் ஒன்றிரண்டு படப்புள்ளி தவறுவது பிழையன்று. 3840×2160 திரையைப் பாதி அளவில் பார்க்கும்போது நான்கில் ஒரு புள்ளியை மட்டுமே தொட இயலும். மெல்லிய எல்லைக்கோட்டை இழுக்க வேண்டுமெனில் முழு அளவில் பார்க்க வேண்டும்.

சேர்ந்து வளரும் விலகல்

மூவகைகளுள் மிகவும் தொல்லை தருவது இதுவே. மெய்நிகர் கணினிகளிலும் வழங்கிகளின் மேலாண்மை அட்டைகளிலும் இதனை அதிகம் காணலாம். இவை உள்ளிருக்கும் இயங்குதளத்திற்குத் தம்மை ஒரு பிஎஸ்/2 சுட்டியாகக் காட்டிக்கொள்கின்றன. எனவே வரும் அறுதி இடத்தைச் சார்பு நகர்வாக மாற்ற வேண்டும். முன்பு (300, 200), இப்போது (310, 200) என்றால், "10 வலப்புறம்" என்று உள்ளே அனுப்பப்படும். கணக்குச் சரியே. ஆனால் உள்ளிருக்கும் இயங்குதளம் அந்தப் பத்தை அப்படியே ஏற்பதில்லை.

கையை விரைவாக அசைத்தால் அம்புக்குறி கூடுதல் தொலைவு செல்ல வேண்டும் என்பதற்காக இயங்குதளங்கள் முடுக்கத்தைச் சேர்க்கின்றன. விண்டோஸ் 2000 வரையிலான பதிப்புகளில் இயல்பான அமைப்பின்படி, ஒரு முறை வரும் நகர்வு 6 அலகுகளைத் தாண்டினால் அது இரட்டிப்பாக்கப்பட்டது. இப்போது ஒருவர் சுட்டியை 8, 8 ஆகப் பத்து முறை வலப்புறம் விரைவாக நகர்த்துகிறார் என்க. அவருடைய திரையில் அம்புக்குறி 80 படப்புள்ளிகள் செல்கின்றது. தொலைக்கணினியில் 160 செல்கின்றது. பின்பு அவர் மெதுவாக, 4, 4 ஆக இருபது முறை திரும்பி வருகிறார். இம்முறை இரட்டிப்பு இல்லை. அவர் தொடங்கிய இடத்திற்கே வந்துவிட்டார். தொலைக்கணினியின் குறியோ 80 படப்புள்ளி வலப்புறம் நிற்கின்றது.

விலகல் சென்ற வழியையும் வேகத்தையும் பொறுத்தது என்பதால் எந்த நிலையான எண்ணைக் கூட்டியும் கழித்தும் இதனைத் திருத்த இயலாது. முடுக்கத்தை ஈடுசெய்யும் சமன்பாட்டை எழுதலாமே என்று தோன்றலாம். ஆனால் உள்ளே எந்த இயங்குதளம், எந்தப் பயனரின் எந்த அமைப்பு நடப்பில் உள்ளது என்பது வெளியே இருக்கும் மென்பொருளுக்குத் தெரியாது.

இதனோடு இணைந்து வருவது கண்ணுக்குத் தெரியாத சுவர். தொலைக்கணினியின் குறி பின்தங்கியிருக்கும்போது, பயனரின் குறி சாளரத்தின் விளிம்பை முதலில் அடைந்துவிடும். அதற்குமேல் நகர்வு எதுவும் அனுப்பப்படாததால் தொலைக்குறி நடுவழியில் நின்றுவிடும். திரையின் கீழே உள்ள பணிப்பட்டையைத் தொடவே முடியாத நிலை இவ்வாறு ஏற்படுகின்றது. குறி முந்தியிருந்தால் நிலைமை சற்று மேல்: அது விளிம்பில் முட்டி நிற்க, பயனரின் குறி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். மூலைக்குக் கொண்டுசென்றால் சிறிது நேரம் சரியாக இருக்கிறது என்று பயனர்கள் சொல்வதன் காரணம் இதுவே. சில மேலாண்மை அட்டைகளில் காணப்படும் "சுட்டியை ஒத்திசை" என்னும் கட்டளையும் இதையே செய்கின்றது. குறியை மூலையில் முட்டவிட்டு, அங்கிருந்து மீண்டும் எண்ணத் தொடங்குகின்றது. அது தற்காலிக நிவாரணம் மட்டுமே.

மெய்நிகர் வரைபலகை

முறையான தீர்வு, மொழிபெயர்ப்பையே நீக்குவதாகும். மெய்நிகர் கணினிக்குச் சுட்டிக்குப் பதிலாக ஒரு யுஎஸ்பி வரைபலகை இணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால், அறுதி இடத்தை அப்படியே உள்ளே அனுப்பலாம். கியூஎமு மென்பொருளில் இவ்வசதி 2006இல் சேர்க்கப்பட்டது. இதன் வரைபலகை திரையின் அகலத்தையும் உயரத்தையும் 0 முதல் 32767 வரையான எண்களாகப் பகுத்துக் கூறும். திரையின் பிரிதிறன் மாறினாலும் கணக்கு மாறாது. வரைபலகை பொது யுஎஸ்பி தரத்தைப் பின்பற்றுவதால் உள்ளிருக்கும் இயங்குதளத்தில் தனிச் செலுத்தி எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதனால் நிறுவல் திரையிலேயே, அதாவது மேற்சொன்ன வட்டு அழிப்புக் கேள்வி வரும் இடத்திலேயே, இது பயன் தருகின்றது.

கேவிஎம் மெய்நிகர் கணினிகளை விர்ட்-மேனேஜர் கொண்டு நிர்வகிப்போர் வன்பொருள் சேர்க்கும் பட்டியில் உள்ளீட்டுக் கருவி என்பதைத் தெரிந்து வரைபலகையைச் சேர்க்கலாம். பிராக்சுமாக்சு மென்பொருளில் சுட்டிக்கு வரைபலகையைப் பயன்படுத்தும் தெரிவு இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஆகியவற்றில் உள்ளே நிறுவப்படும் துணைக்கருவித் தொகுப்பு இதே பணியைத் தன் சொந்தச் செலுத்தி மூலம் செய்கின்றது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. யுஎஸ்பி கருவியை இடைவிடாது வினவ வேண்டியிருப்பதால், ஓய்வில் இருக்கும் மெய்நிகர் கணினியும் சிறிதளவு செயலியைப் பயன்படுத்தும். ஒன்றிரண்டு கணினிகளில் இது பொருட்டன்று. ஒரே வழங்கியில் பல பத்துக் கணினிகள் எழுத்துத் திரையோடு மட்டும் இயங்கினால் வரைபலகையை நீக்கிவிடுவது நலம். மேலும், வரைபலகை சேர்க்கப்பட்டாலும் பழைய பிஎஸ்/2 சுட்டி உடன் இருக்கும். உள்ளிருக்கும் இயங்குதளம் யுஎஸ்பி கருவியை இயக்கும் வரை அந்தச் சுட்டியே செயற்படுவதால், கணினி தொடங்கும் முதற்கட்டத்தில் விலகல் நீடிப்பதைக் கண்டு தீர்வு பயனற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

முடுக்கத்தை நிறுத்துதல்

விண்டோஸ் என்டி 4.0 போன்ற யுஎஸ்பி அறியாத இயங்குதளங்களிலும், சார்பு நகர்வை மட்டுமே ஆதரிக்கும் பழைய மேலாண்மை அட்டைகளிலும் வரைபலகை வழி இல்லை. அங்கு உள்ளிருக்கும் இயங்குதளத்தின் முடுக்கத்தை முழுவதும் நிறுத்த வேண்டும். அப்போது 10 என்றால் 10 என்றே கொள்ளப்படும்.

விண்டோஸ் எக்ஸ்பியிலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் சுட்டியின் பண்புகளில் "சுட்டிக்குறியின் துல்லியத்தை மேம்படுத்து" என்னும் பொருள்படும் தெரிவு உள்ளது. பெயர் அவ்வாறு இருப்பினும் இங்கு துல்லியத்தைக் கெடுப்பது அதுவே. அதனை நீக்கி, வேகக் கோலைப் பதினொரு படிகளின் நடுவில், அதாவது ஆறாம் படியில் வைக்க வேண்டும். சுட்டி கட்டுக்குள் இல்லாதபோது இப்பெட்டியை விசைப்பலகையாலேயே திறக்கலாம்: விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, "மெயின்.சிபிஎல்" என்று ஆங்கில எழுத்துகளில் இட்டு, எண்டர் விசையை அழுத்தவும்.

இவ்வமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியானது. ஒருவர் தம் கணக்கில் திருத்திவிட்டு வெளியேறினால், உள்நுழைவுத் திரையில் பழைய விலகல் மீண்டும் தோன்றும். அத்திரை இயல்புப் பயனரின் பதிவேட்டு மதிப்புகளைப் பயன்படுத்துவதே காரணம். அங்கும் சுட்டி வேகம், இரு வாசல் மதிப்புகள் ஆகிய மூன்றையும் பூச்சியமாக்க வேண்டும்.

லினக்சில் பழைய எக்ஸ் சாளர முறைமையில் எக்ஸ்செட் கட்டளையால் முடுக்கத்தை 1 என அமைக்கலாம். லிப்இன்புட் செலுத்தி பயன்படும் அண்மைய வெளியீடுகளில் அக்கட்டளைக்கு விளைவில்லை. முடுக்கச் சுயவிவரத்தைத் "தட்டை" என மாற்ற வேண்டும்.

உள்ளே உள்ளதைத் தொடும் முன்பு மேலாண்மை அட்டையின் அமைப்பையும் பார்த்துவிட வேண்டும். பல அட்டைகளில் அறுதி, சார்பு என்னும் இரு சுட்டி முறைகள் தரப்பட்டுள்ளன. புதிய இயங்குதளங்களுக்கு அறுதி முறையே பொருந்தும்.

விலகல் போலத் தோன்றும் தாமதம்

வலையமைப்பு மெதுவாக இருந்தால் தொலைக்குறி பின்னால் ஓடிவருவது விலகல் போலத் தோன்றும். சுட்டியை அசைக்காமல் ஓரிரு நொடிகள் காத்திருக்கவும். இரண்டு குறிகளும் ஒன்று சேர்ந்தால் அது தாமதம் மட்டுமே. சொடுக்குகள் சரியான இடத்திலேயே விழும். நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், பின்னணிப் படத்தை நீக்குதல் ஆகியன இதற்கு உதவும்.

மைக்ரோசாப்டின் ஆர்டிபி நெறிமுறையில் சேர்ந்து வளரும் விலகல் அரிதாகவே காணப்படுவதும் குறிப்பிடத்தக்கது. அங்கு தொலைக்கணினி பயனருக்கெனத் தனி அமர்வையும் அவருடைய திரைக்கேற்ற அளவையும் உருவாக்கி, சுட்டியின் இடத்தை நேரடியாகவே ஏற்றுக்கொள்கின்றது. நடுவில் போலிச் சுட்டி எதுவும் இல்லை.

சார்பு நகர்வே தேவைப்படும் இடங்கள்

அறுதி இடம் எல்லா வேளைகளிலும் சிறந்தது என்று கொள்ளலாகாது. முதல் நபர் பார்வையில் அமைந்த விளையாட்டுகளும் சில முப்பரிமாண வரைவு மென்பொருள்களும் ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் சுட்டிக்குறியைத் திரையின் நடுவுக்குத் திருப்பி வைத்து, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அளக்கின்றன. அறுதி இடம் வந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் பெரிய நகர்வு நிகழ்ந்ததாக அவை எண்ணும். காட்சி நிற்காமல் சுழலும். அப்போது வரைபலகையை நீக்கிச் சுட்டியைச் சாளரத்துள் சிறைப்படுத்தும் முறைக்கு மாற வேண்டும். இதற்கெனக் கியூஎமு, ஆர்எஃப்பி நெறிமுறைக்கு ஒரு நீட்சியைச் சேர்த்துள்ளது. அதில் ஆள்கூறுக்குரிய அதே இரு பைட்டுகளில் 32767 என்பது "நகர்வு இல்லை" என்று பொருள்படும். அதற்கு மேற்பட்டவை ஒரு திசையையும் குறைந்தவை மறுதிசையையும் குறிக்கும்.

சுட்டி இன்றி இயக்குதல்

திருத்தம் முடியும் வரை அழித்தல், வடிவமைத்தல் போன்ற மீட்க இயலாத செயல்களை விசைப்பலகையால் செய்வதே தகும். டேப் விசை ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும். எது தெரிவாகியுள்ளது என்பதைப் புள்ளிக்கோடோ தடித்த எல்லையோ காட்டும். அதனைக் கண்ணால் உறுதிசெய்த பின்னரே எண்டர் விசையை அழுத்தவும். விண்டோஸில் ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகளால் சுட்டிக்குறியை நகர்த்தலாம். நடுவிலுள்ள 5 சொடுக்கும், ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் நகர்வு மெதுவாகும். இவ்விசைச் சேர்க்கையைப் பயனரின் சொந்தக் கணினியே பிடித்துக்கொள்வதும் உண்டு. அவ்வாறாயின் விசைகள் அனைத்தையும் தொலைக்கணினிக்கே அனுப்பும் தெரிவைப் பார்வை மென்பொருளில் முதலில் இயக்க வேண்டும்.